குளிர்ப் பாலையில் நடப்போர்க்கு



துவாஸ் வட்டாரத்தில் வேலை செய்யும் நேயர்களுக்கு ஒரு செய்தி நன்கு தெரிந்திருக்கும். அவர்கள் நாள்தோறும் மிதித்து நடக்கும் நிலத்தில் பெரும்பகுதி மனிதர் கடலைத் தூர்த்து உண்டாக்கியது. கடல்மட்டத்துக்கு மேலே சில மீட்டர்தான் அதன் உயரம். சிங்கப்பூர்த் தீவிலேயே உயர்ந்த இயற்கைக் குன்று எதுவென்றால் புக்கிட் தீமா. அதுவும் ஏறத்தாழ 164 மீட்டரோடு நின்றுவிடுகிறது. இத்தகைய தாழ்நிலத்தில் வாழும் நாம், இன்றைய பேச்சில் உலகின் மிக உயர்ந்த மனிதக் குடியிருப்புகளுள் சில அமைந்துள்ள ஒரு நாட்டைப் பற்றியும், அங்கே கால்நடையாகச் செல்வது பற்றியும் அறிந்துகொள்வோம்.

அந்த நாட்டின் பெயர் லடாக். இந்தியாவின் வடகோடியில், இமயத்துக்கும் காரகோரம் மலைத்தொடருக்கும் இடையே கிடக்கிறது. 1974ஆம் ஆண்டில்தான் வெளியூர்ப் பயணிகளுக்கு அது திறந்துவிடப்பட்டது. முன்பு சம்மு காசுமீர் மாநிலத்தின் ஒரு பகுதியாக இருந்து, 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று தனி ஒன்றியப் பகுதியாயிற்று. அந்நாட்டு மொழியில் 'லா' என்றால் கணவாய். கணவாய்கள் நிறைந்த நாடு என்பதே லடாக் என்னும் பெயரின் பொருள்.

இமயம் தமிழருக்குப் புதிய சொல் அன்று. சேரன் நெடுஞ்சேரலாதனுக்கு இமயவரம்பன் என்பது பெயர். செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை எடுக்க இமயத்திலிருந்து கல் கொணர்ந்தான் என்று சிலப்பதிகாரம் கூறும். ஆனால், இமயம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது வெண்பனியும் அருவியும் தேவதாரு மரங்களுமே. லடாக்கில் இறங்குபவர் காண்பது வேறு. மலை உண்டு, மரம் இல்லை. வானம் உண்டு, மேகம் அரிது. மஞ்சளும் செம்மையும் ஊதாவுமாய்ப் பாறைகள் மொட்டையாக நிற்கும். ஆற்றங்கரையில் மட்டும் ஒரு பச்சைக் கோடு தெரியும். அக்கோடு ஒரு கிராமம் என்று அறிக.

குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் வளம் குன்றிப் பாலையாகும் என்று நம் முன்னோர் விளக்கினர். லடாக்கும் ஒரு குறிஞ்சி, அதுவும் பாலையாகிவிட்டது. ஆயினும், அதனைப் பாலையாக்கியது வெயில் அன்று, மலையே. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரை இமயத்தின் தென்சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து வடக்கே வரும் காற்று வெறுங்கையோடு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வரும் காற்று வறண்டு வீசுவதைத் தமிழ்நாட்டு நேயர்கள் அறிவார்கள். அதே நிகழ்ச்சிதான் அங்கே பன்மடங்காக நடக்கிறது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. லடாக்கின் தலைநகரான லேயில் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். இங்கே ஒரு பெருமழை நாளில் கொட்டுவது அங்கே ஓராண்டுக்குரிய மழை. ஆகவே அதனைக் குளிர்ப் பாலை என்று அழைப்பது பொருத்தமாகும்.

இன்னொரு வியப்பையும் சொல்லவேண்டும். துவாஸ் நிலத்தைப் போலவே அந்த மலைகளும் கடலிலிருந்து வந்தவை. இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஆசிய நிலத்தட்டோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இரண்டுக்கும் நடுவே கிடந்த கடலின் அடித்தளம் மடிந்து மேலெழுந்தது. லடாக்கின் ஒரு பகுதியான சான்ஸ்கார் மலைப் பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களை இன்றும் காணலாம்.

நேயர்களே, இனி நடைப்பயணத்துக்கு வருவோம். இரண்டாவது பாலத்துக்கு அப்பால், ஜொகூரில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பள்ளி விடுமுறை ஒன்றில் உடன் பணியாற்றும் ஆசிரியர் இருவரோடு மார்க்கா பள்ளத்தாக்கில் நடந்து வந்தேன். இப்பள்ளத்தாக்கு 1981ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பனிச்சிறுத்தை வாழும் இடம் அது. நாங்கள் சிறுத்தையைக் காணவில்லை. அதற்கு இரையாகும் காட்டாடுகள் செங்குத்துப் பாறையில் வரிசையாய் ஏறுவதைக் கண்டோம்.

மார்க்கா என்பது ஆற்றின் பெயர். ஓர் ஊரின் பெயரும் அதுவே. அந்த ஆறு சான்ஸ்கார் ஆற்றில் கலக்கிறது. சான்ஸ்கார் ஆறு நிம்மு என்னும் இடத்தில் சிந்து நதியோடு சேர்கிறது. நடப்பவர் ஆற்றை ஒட்டியே மேலே செல்லவேண்டும். முதல் நாள் ஸ்கியூ, அடுத்து மார்க்கா, பிறகு ஹங்கர், அதற்கு மேல் நிமாலிங் என்னும் மேய்ச்சல் நிலம். நிமாலிங்கின் உயரம் ஏறத்தாழ 4,700 மீட்டர். அதன் பின் ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரத்தில் கொங்மாரு கணவாய். அதைத் தாண்டி இறங்கினால் சாங் என்னும் ஊர்ப்பக்கம் வந்து சாலையைப் பிடித்துவிடலாம்.

வழியில் தங்குவதற்குக் கிராம வீடுகளே உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆட்டை அடிக்கும் பனிச்சிறுத்தையைப் பகையாகக் கருதிய ஊரார், அதைக் காண வருவோரால் வருமானம் கிடைப்பதைக் கண்டு அதனைக் காக்கத் தொடங்கினர். வீட்டை நடத்துவோர் பெரும்பாலும் பெண்கள். வாற்கோதுமையை வறுத்து அரைத்த மாவு அவர்கள் உணவில் முக்கியமானது. நம் சத்துமாவுக்கு அது ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். தேநீரில் உப்பும் வெண்ணெயும் கலந்து தருவார்கள். தேநீர் என்று எண்ணிக் குடித்தால் முகம் சுளிப்போம். சூப்பு என்று எண்ணிக் குடித்தால் மறுகோப்பை கேட்போம். 'ஜூலே' என்னும் ஒரு சொல்லே அவர்களுக்கு வணக்கமும் நன்றியும் விடைபெறுதலும். பாதையோரத்தில் வேண்டுதல் எழுத்துகள் செதுக்கிய கற்களை நீண்ட சுவராக அடுக்கி வைத்திருப்பார்கள். அச்சுவர் நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடக்கவேண்டும். கோயிலை வலம் வரும் நமக்கு இதனை யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

அந்நாட்டில் ஆற்றுக்கும் ஒரு நேர அட்டவணை உண்டு. நம் ஊரில் மழை பெய்தால் ஆறு பெருகும். அங்கே வெயில் அடித்தால் ஆறு பெருகும். காலையில் முழங்கால் அளவு ஓடும் நீர், பனியாறு உருகத் தொடங்கிய பின் பிற்பகலில் இடுப்பளவுக்கு வந்துவிடும். ஆகவே, ஆற்றைக் கடக்கவேண்டிய நாளில் விடியும்போதே புறப்பட வேண்டும். வெயிலும் ஏமாற்றும். காற்று குளிர்ந்திருப்பதால் சூடு தெரியாது. ஆனால் 1,000 மீட்டர் ஏறும்போதெல்லாம் தோலைச் சுடும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அங்கே அலங்காரப் பொருள்கள் அல்ல.

இத்தனை சொல்லியும் முதன்மையான பொருளை இன்னும் சொல்லவில்லை. அது மூச்சுக் காற்று.

உயரே போனால் காற்றில் உயிர்வளி குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றில் உயிர்வளியின் விகிதம் எங்கும் நூற்றுக்கு 21தான். குறைவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் உயிர்வளியின் அளவு குறைகிறது. துவாஸில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேயில் கிடைக்கும். கொங்மாரு கணவாயிலோ பாதிக்குச் சற்றே மேல்.

நம் உடம்பு இதற்கு ஈடுகொடுக்கும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். முதலில் மூச்சு விரைகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு விரைவதால் இரத்தத்தின் காரத்தன்மை கூட, அதனைச் சிறுநீரகம் சில நாள்களில் சரிசெய்கிறது. சிவப்பணுக்கள் பெருகுவதற்கு வாரக்கணக்கு ஆகும். இந்த வேலைகளை விரைவுபடுத்த உடற்பயிற்சியால் இயலாது. நாள்தோறும் ஓடுபவர், பளு தூக்குபவர், பந்தாட்டக்காரர் யாராயினும் கடல்மட்டத்தில் வாழ்ந்தவர் என்றால் அவருக்கும் இந்த நாள்கள் வேண்டும். சொல்லப்போனால், வலுவான இளைஞருக்கே ஆபத்து அதிகம். ஏனெனில் அவர் வேகமாக ஏறிவிடுகிறார்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 1960களில் தாழ்நிலத்திலிருந்து திடீரென இமய எல்லைக்கு அனுப்பப்பட்ட இந்திய வீரர் பலர் இந்நோயால் துன்புற்றனர். உடல் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள் அவர்கள். அவர்களுள் 1,925 பேரைப் பற்றிய மருத்துவ ஆய்வு 1969ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மலைநோயைப் பற்றி உலகம் அறிந்துகொண்டதில் அவர்கள் பட்ட துன்பத்துக்கும் பங்கு உண்டு. தமிழ் பேசும் வீரர்கள் இன்றும் அந்த எல்லையில் நிற்கிறார்கள். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனியாற்றில், 19,000 அடிக்கு மேலான உயரத்தில், பனிச்சரிவில் புதையுண்ட 10 வீரர்களில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள் என்பது நேயர்களுக்கு நினைவிருக்கலாம்.

மலைநோயின் அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, அளவுக்கு மீறிய களைப்பு ஆகியவை முதற்கட்டம். இவை தோன்றினால் மேலே ஏறக் கூடாது. இருந்த இடத்திலேயே ஓய்வெடுக்க வேண்டும். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் இறங்கவேண்டும். இரண்டாம் கட்டம் உயிருக்கே ஆபத்தானது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், விடாத இருமல், சளியில் நுரையும் இரத்தச் சாயலும் தெரிதல் ஆகியவை நுரையீரலில் நீர் கோத்துவிட்டதன் அடையாளங்கள். கள் குடித்தவரைப் போலத் தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் சொல்லுதல் ஆகியவை மூளையில் வீக்கம் ஏற்பட்டதன் அடையாளங்கள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், நள்ளிரவாயினும், அவரைக் கீழே இறக்கவேண்டும். துணையின்றித் தனியே அனுப்பலாகாது. உயிர்வளி உருளையும் மருந்தும் உதவும். ஆனால், இறங்குவதற்கு அவை மாற்றாகா. முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரையும் உண்டு. அது எல்லாருக்கும் ஏற்றதன்று. ஆதலால் புறப்படுவதற்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.

தடுக்கும் வழி எளிது. அது ஒரு கணக்கு. 3,000 மீட்டருக்கு மேல், இன்றிரவு தூங்கும் இடம் நேற்றிரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, உயரம் ஏறாமல் ஒரு நாள் தங்கவேண்டும்.

என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த மாணவர் ஒருவர் இப்போது துவாஸில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். உடன் வேலை செய்யும் நால்வரோடு லடாக் செல்லத் திட்டம் போட்டு என்னிடம் காட்டினார். அவருக்கு 7 நாள் விடுப்பு. முதல் நாள் சிங்கப்பூரிலிருந்து தில்லி. இரண்டாம் நாள் காலை விமானத்தில் லே. மூன்றாம் நாள் ஜீப்பில் சாங் வரை சென்று நடை. நான்காம் நாள் எதிர்ப்பக்கமாகக் கொங்மாரு கணவாய். நான் கரும்பலகைக்குப் பதில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். கடல்மட்டத்திலிருந்து 5,200 மீட்டருக்கு மூன்றே இரவுகள். அவரே பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு இருவருமாக வேறொரு கணக்குப் போட்டோம். லேயில் 3 இரவு ஓய்வு. பிறகு ஸ்கியூவில் 3,400, மார்க்காவில் 3,800, ஹங்கரில் 4,000 மீட்டர். ஹங்கரிலிருந்து நிமாலிங் 700 மீட்டர் ஏற்றம். ஆகையால் நடுவே 4,300 மீட்டர் அளவில் ஓர் இரவு. அதன் பிறகே நிமாலிங், மறுநாள் கணவாய். இடையூறு நேர்ந்தால் ஈடுசெய்ய ஒரு நாள் கையிருப்பு. போக வர எல்லாம் சேர்த்து 13 நாள். ஏழு நாள் விடுப்பில் இது அடங்காது. அவர்கள் பயணத்தைத் தள்ளிவைத்து, விடுப்பைச் சேர்த்துக்கொண்டு அடுத்த கோடையில் புறப்பட்டார்கள்.

இவ்வளவு கவனமாகச் சென்றும் அவர்கள் கணவாயைக் காணவில்லை. நிமாலிங்கில் ஒருவருக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டன. அவர் இரண்டு நாளாகவே தலைவலியை மறைத்து வந்திருக்கிறார். தன்னால் மற்றவர் பயணம் கெட்டுவிடுமே என்ற எண்ணம். விடியுமுன் அவர் நடை தள்ளாடத் தொடங்கியது. ஐவரும் குதிரைக்காரரும் அப்போதே மூட்டையைக் கட்டி, அவரைக் குதிரையில் ஏற்றி ஹங்கர் நோக்கி இறங்கிவிட்டனர். இறங்க இறங்க அவருக்குத் தெளிவு வந்தது. திரும்பி வந்த மாணவர் என்னிடம், "ஒரு வருசம் காசு சேத்தோம் சார், கணவாய் தெரிஞ்ச இடத்துல இருந்து திரும்பிட்டோம்" என்றார். அந்த நண்பர் இன்றும் அவரோடு அதே பட்டறையில் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார். இதைவிட வெற்றியான பயணம் வேறு எது என்று நான் கேட்டேன்.

தலைவலியை மறைப்பது வீரம் அன்று. கூட்டமாகச் செல்வோர் ஒவ்வொரு மாலையும் ஒருவரை ஒருவர் கேட்டறிய வேண்டும். இறங்கவேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவரைக் குறைகூறாமல் உடன் இறங்கும் துணையோடு மட்டுமே அங்கே செல்லவேண்டும். நிலவழியாக மெல்ல ஏறுவதும் நல்லது. சிறீநகரிலிருந்து கார்கில் வழியாக வருபவர், ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் ஓர் இரவு தங்கிப் பழகிக்கொள்ளலாம்.

தாழ்நிலத்தார்க்கு மலை எட்டாது என்று இதற்குப் பொருள் இல்லை. 1997ஆம் ஆண்டு மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர் இருவரும், மகேந்திரன், மோகனதாஸ் என்னும் தமிழர்களே. மறு ஆண்டு மே 25 அன்று சிங்கப்பூர்க் குழுவினரும் அவ்வுச்சியை எட்டினர். வாரக்கணக்கில் ஏறியும் இறங்கியும் உடம்பைப் பழக்கிய பிறகே அவர்கள் உச்சிக்குச் சென்றார்கள்.

பொறுமையாக நடந்தவர் ஒருவரை ஆசிரியன் என்ற முறையில் நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. அங்கேரி இனத்தவரான சோமா டி கோரோஸ் தம் இனத்தின் மூலத்தைத் தேடி ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டு, பெரும்பாலும் நடந்தே 1822ஆம் ஆண்டில் லே வந்து சேர்ந்தார். மறு ஆண்டு முதல் சான்ஸ்காரில் சாங்லா என்னும் ஊரில், குளிரில், ஒரு லாமாவிடம் மாணவராக அமர்ந்து திபெத்திய மொழியைக் கற்றார். அவர் தொகுத்த திபெத்திய ஆங்கில அகராதி 1834ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வெளிவந்தது. அந்தப் பாலையிலிருந்து ஒரு மொழியின் சொற்களையே அவர் எடுத்து வந்தார்.

இறுதியாக, அங்கு வாழ்வோரின் கவலையையும் அறியவேண்டும். அவர்கள் வயலுக்கு மழை இல்லை; பனியாறு உருகிவரும் நீரே வாழ்வு. பனியாறுகளோ சுருங்கி வருகின்றன. விதைக்கும் காலத்தில் நீர் வராமல், பின்னால் ஒரேயடியாக வருகிறது. செவாங் நோர்பெல் என்னும் பொறியாளர் 1980களிலிருந்து, வீணாகும் குளிர்கால நீரைத் தேக்கி உறையவைத்துச் செயற்கைப் பனியாறுகள் அமைத்தார். பின்னர் சோனம் வாங்சுக், நீரைக் குழாய் வழியாகப் பீய்ச்சிக் கோபுரம் போல உறையவைக்கும் முறையைக் கண்டார். அக்கோபுரம் வசந்த காலத்தில் மெல்ல உருகி வயலுக்கு நீர் தருகிறது. துவாஸில் 2005ஆம் ஆண்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கியதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடலோரத்தாரும் மலையோரத்தாரும் ஒரே கவலைக்குத்தான் வெவ்வேறு வழி தேடியிருக்கிறார்கள்.

மழை இல்லாத நாட்டில் மழையே கேடாகவும் வரும். 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஓர் இரவில் லே பகுதியில் மேகம் வெடித்துக் கொட்டியதில், மண்ணால் கட்டிய வீடுகள் சேற்றோடு போயின. 200 பேருக்கு மேல் மாண்டனர்.

இத்தகைய நாட்டுக்குச் செல்லும் நாம் அவர்கள் நீரைக் கெடுக்கலாமா? 6,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஸ்டோக் காங்ரி என்னும் சிகரத்தில் ஆண்டுதோறும் கூட்டம் பெருகி, ஊராரின் குடிநீருக்கே கேடு விளைந்தது. ஆகவே 2020ஆம் ஆண்டில் அச்சிகரத்தை ஏறுவோருக்கு மூடிவிட்டார்கள். கொண்டுசென்ற பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவருவது, ஓடையில் சோப்புப் போடாமல் இருப்பது, அவர்களுடைய உலர்கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாமல் மண் தூவுவது ஆகிய இவை சிறிய செயல்கள். ஆனால், ஒரு வாளி நீரை ஒரு மைல் சுமக்கும் பெண்ணின் வீட்டில் நாம் விருந்தினர் என்பதை மறந்துவிடலாகாது.

சூன் முதல் செப்டம்பர் வரை அங்கே நடப்பதற்கு ஏற்ற காலம். போக விரும்பும் இளைஞர்கள் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன், ஒரு தாளில் ஒவ்வோர் இரவும் தூங்கப்போகும் இடத்தின் உயரத்தை வரிசையாக எழுதிக் கழித்துப் பாருங்கள். 500க்கு மேல் வரும் இடத்தில் ஒரு நாளைக் கூட்டுங்கள். அத்தனை நாள் விடுப்பு இல்லையென்றால் அடுத்த ஆண்டுக்குக் காத்திருங்கள். அந்த மலைகள் அங்கேதான் இருக்கும்.